இரும்புத் தண்ணீர்

கோலா தெராங்,
1874 ஏப்ரல் 12

பிரியமுள்ள லோயிசுக்கு,

உன்னிடம் சொல்லாமல் கப்பலேறினது என் தப்புத்தான். ஏழு மாதத்தில் மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. சித்தூர் தபாலாபீஸ் நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால் பழியைத் தபால்காரன் மேல் போடவும் வழியில்லை. சொன்னால் நீ விடமாட்டாய் என்றுதான் சொல்லாமல் வந்தேன். ஜில்லா கோர்ட்டில் இன்னும் இருபது வருஷம் இருந்தாலும் நான் நகல் எழுத்தன்தான். இங்கே நேற்று என்னை ஹெட் ரைட்டர் ஆக்கிவிட்டார்கள். அந்தச் சேதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இது பினாங்குக்குத் தெற்கே ஒரு பழுப்பு நிற ஆறு கடலில் விழும் இடம். சிறிய ராஜ்யம், வயதான சுல்தான். வியாழக்கிழமை, ஒன்பதாம் தேதி, அவருக்கும் நம் சர்க்காருக்கும் உடன்படிக்கை ஆயிற்று. நான்தான் அதை எழுதினேன். சாரம் இவ்வளவுதான்: சுல்தான் சுல்தானாகவே இருப்பார், ஆனால் ரெசிடெண்ட் துரை ஒருவர் அருகிலேயே இருப்பார், மதமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் துரையின் யோசனைப்படியே நடக்கவேண்டும். கிழவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்று மட்டும் கேட்டார். "என்னை இந்த ஆற்றை விட்டு அகற்றக்கூடாது. இதன் தண்ணீர் பக்கத்தில்தான் நான் சாகவேண்டும். அதற்குச் சத்தியம் செய்யுங்கள், முத்திரை வைக்கிறேன்" என்றார். அவருடைய சமையற்காரர் பினாங்கில் பிறந்த தமிழ் முஸ்லிம். அவர்தான் இதை எனக்குத் தமிழில் சொன்னார்.

இங்கே சத்தியம் செய்யும் முறை வேறு. அரண்மனையில் துணியில் சுற்றிவைத்த பழைய இரும்புத் துண்டு ஒன்று இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து, அந்த இரும்பை அதில் முக்கி எடுத்துக் குடிக்கவேண்டும். சொல் தவறினால் குடித்தவர் உடம்பில் ஆறு ஏறிவிடும் என்கிறார்கள். துரை அந்தக் கலங்கல் தண்ணீரைப் பார்த்தார், கைக்குட்டையை மூக்கில் வைத்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏசுரத்தினம், நீ குடி. நீதான் சர்க்காரின் வாய்" என்றார். சுல்தான் அதற்குச் சம்மதித்தார். "என் வாயும், என் சட்டியில் சோறு தின்பவர் வாயும் சாட்சி" என்று சொல்லவைத்தார்கள். சொன்னேன், குடித்தேன். கொஞ்சம் துரு ருசி, வேறொன்றும் இல்லை.

இனியாவது ஒரு வரி எழுது.

ஏசுரத்தினம்


சித்தூர்,
1874 மே 27

கோலா தெராங் ஹெட் ரைட்டர் அவர்களுக்கு,

நீங்கள் ஊரை விட்டுப்போன சேதியைப் பாதிரியார் பாலையா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வந்து சொன்னதும் சாக்குக்கட்டி கையிலேயே ஒடிந்தது. இதற்கு மூன்று கடிதத்தில் ஆறிவிடுமா என்ன? நானூறு கடிதம் போட்டாலும் ஆறாது என்று வைராக்கியமாக இருந்தேன். இப்போது எழுதுவது உங்கள் பதவியை மெச்சி அல்ல. எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் வீட்டுக் குடத்துத் தண்ணீர் இரும்பு நாறுகிறது. கிணற்றில் இல்லை. அதே கிணற்றில்தான் பள்ளிக்கூடத்துக்கும் சேந்துகிறார்கள், அங்கே ஒரு குறையும் இல்லை. சேந்தின வாளியிலிருந்தே கையில் ஊற்றிக் குடித்தேன், நன்றாக இருந்தது. வீட்டு வாசற்படி தாண்டிக் குடத்தை இறக்கிவைத்ததும் துருவாகிவிடுகிறது. மண்குடம், பித்தளைக்குடம், இரவல் குடம் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று.

இது என்று ஆரம்பித்தது என்று உங்களுக்குத் தெரியவேண்டும். ஈஸ்டர் கழிந்த வியாழக்கிழமை. அன்று பள்ளிக்கு விடுமுறை, அதனால் நன்றாக நினைவிருக்கிறது. உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது மே இருபதாம் தேதி. அதைப் படித்தபோது என் கையில் அந்தத் தண்ணீர்தான் இருந்தது.

சத்தியமே பண்ணவேண்டாம் என்றுதானே நம் சபையில் சின்னப் பிள்ளைக்கும் சொல்லித் தருகிறார்கள். துரைக்கு வாய் இல்லையா? அவர் குடிக்க அருவருத்த தண்ணீரை நீங்கள் ஏன் குடித்தீர்கள்? அதிலும் என் சட்டியில் தின்பவர் என்று எத்தனை பேரைச் சேர்த்துச் சொன்னீர்கள்? உங்கள் சட்டியில் தின்கிறவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

லோயிஸ்


கோலா தெராங்,
1874 செப்டம்பர் 3

பிரியமுள்ள லோயிசுக்கு,

திட்டுவதற்காகவாவது எழுதினாயே, சந்தோஷம். குடத்தைப் புளி போட்டுத் தேய். பாசி பிடித்த குடத்தில் பேய் பார்க்காதே. நீ பள்ளிக்கூடத்து உபாத்தியாயினி.

இந்த ஆற்றைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கடல் ஏறும்போது ஆறும் திரும்பி மேட்டை நோக்கி ஓடுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை. முதல் வாரம் பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. கரையெல்லாம் சேற்றிலே நிற்கும் மரங்கள். அதன் காய் முருங்கைக்காய் மாதிரி நீளமாக, பச்சையாக, தண்ணீரில் செங்குத்தாக மிதந்துகொண்டு போகும். சுல்தான் தினமும் சாயங்காலம் படித்துறையில் உட்கார்ந்து, தண்ணீர் திரும்புகிற நேரத்தில் காலை நனைத்துக்கொள்வார். மஞ்சள் பட்டு அவர் ஒருவர்தான் உடுத்தலாம். என்னைப் பார்த்தால் "வாய் வருகிறது" என்று சொல்லிச் சிரிப்பார். பழம் கொடுத்தனுப்புவார். நல்ல மனிதர்தான், ஆனால் துரைக்கும் அவருக்கும் இப்போது சுங்க முத்திரை யார் கையில் இருப்பது என்பதில் மனஸ்தாபம்.

போன வாரம் துரை நல்ல மனநிலையில் இருந்தார். "உன் ஊர் எப்படி?" என்று கேட்டார். எனக்கு ஊர் ஞாபகம் பொங்கிவிட்டது. சுற்றிலும் மலை, கடல் எட்டாத தூரம், நீவா என்று ஒரு ஆறு, மழைக்கு நாலு நாள் ஓடும், மற்ற நாளெல்லாம் மணல், மலாய்க்காரன் ஒருவனும் கால் வைத்திராத இடம், அங்கிருந்து யாரும் ஓடிப்போக முடியாது, ஓடிவந்தவன் நான் ஒருவன்தான் என்றேன். துரை விழுந்து விழுந்து சிரித்தார். தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்துக்கொண்டார். நம் ஊர் பெயர் ஒரு துரையின் புத்தகத்தில் ஏறியிருக்கிறது, லோயிஸ்.

ஏசுரத்தினம்


கோலா தெராங்,
1875 நவம்பர் 21

லோயிஸ்,

ஒரு வருஷத்துக்கு மேலாக நாலு வரிக்கு மேல் நான் எழுதவில்லை. எழுதும்படி எதுவும் நன்றாக நடக்கவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியாது.

சுல்தான் சுங்க முத்திரையைத் தரமாட்டேன் என்றுவிட்டார். ஆற்றுவாயில் பீரங்கிக் கப்பல் வந்து நின்றது. போன புதன்கிழமை அவரைப் படித்துறைக்கு வரவழைத்தார்கள். உத்தரவைப் படித்தது நான். நான்தானே வாய். அவரை ராஜ்யத்தை விட்டு அகற்றி, சர்க்கார் தீர்மானிக்கும் இடத்தில் ஆயுள் முழுவதும் வைத்திருப்பார்கள் என்று படித்தேன். என் குரல் நடுங்கவில்லை. கோர்ட்டில் பழகிய குரல்.

அவர் கோபப்படவில்லை. கிட்டே வந்து என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நீ குடித்தாயே" என்றார். படகில் ஏறும்போது குனிந்து ஆற்றில் கையை நனைத்தார். தண்ணீர் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது, ஆனால் அவர் கை பட்ட இடத்தில் சற்று நேரம் எந்தப் பக்கமும் ஓடாமல் நின்றது. கரையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். துரை மட்டும் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் என் செருப்பு காலில் ஏறவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, குழி மேலே வர ரொம்ப நேரமாகிறது. டாக்டர் இதற்குப் பெரிபெரி என்று பெயர் சொன்னார். அரிசிச் சோறு மட்டும் தின்பவர்களுக்கு வருமாம். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

அவரை எந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை.

ஏசுரத்தினம்


சித்தூர்,
1876 ஜனவரி 3

ஏசுரத்தினம் அவர்களுக்கு,

நீவா மணலை ஒட்டி, பழைய என்ஜினீயர் பங்களா பூட்டிக் கிடக்குமே, அதைப் போன மாதம் வெள்ளையடித்தார்கள். போலீஸ் காவல் போட்டார்கள். யார் வந்தார்கள் என்று ஊருக்குத் தெரியவில்லை. கலெக்டர் கச்சேரியில் கேட்டால் "சர்க்கார் விருந்தாளி" என்றார்களாம்.

பள்ளி விட்டு வரும்போது பார்த்தேன். ஆற்று மணலில் ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பட்டு. காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு, ஆறு ஓடிப்போகிற கீழ்த்திசையைப் பார்த்தபடி இருந்தார். சாயங்கால வெயிலில் அந்த மஞ்சள் கண்ணைக் கூசவைத்தது. பேய் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும் அதே இடம். காவல் நிற்கும் செங்கல்வராயனின் மகள் என்னிடம் படிக்கிறாள். அவனைக் கேட்டேன்.

"எவுரோ மலாய் ராஜாவாம் டீச்சரம்மா. வந்து எறங்குன அன்னிக்கு மொதல்ல இன்னா கேட்டார் தெரியுமா? ஆறு எங்கன்னு கேட்டார். இதான் ஆறுன்னு மணலைக் காட்டினோம். நம்பமாட்டேன்னுட்டார். தெனமும் வந்து காலை உட்டுக்கினு குந்திக்கினு கீறார், தண்ணி வரும்னு" என்றான்.

உங்கள் ராஜாதான். கூட இருக்கும் சமையற்காரர் என்னிடம் தமிழில் பேசினார், உங்கள் பெயரையும் சொன்னார். நான் உங்கள் பெண்சாதி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, அவரை ஏன் இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள்? கடல் எட்டாத தூரம், ஓடிப்போக முடியாத இடம் என்று துரைக்குக் கதை சொன்னது யார்? பதில் எழுதுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் என் காலும் வீங்குகிறது. அழுத்தினால் குழி விழுகிறது. நான் கேழ்வரகுக் களிதான் தின்கிறேன், உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

லோயிஸ்


கோலா தெராங்,
1876 ஜனவரி 28

என் லோயிஸ்,

நீ கேட்டது சரி. உன் கடிதம் கண்டதும் ஆபீஸ் அலமாரியைத் திறந்து பார்த்தேன். ரெசிடெண்ட் துரை மேலிடத்துக்கு எழுதின கடிதத்தின் நகல் இருந்தது. "கடல் எட்டாத தூரம். ஆறு பெயருக்குத்தான். மலாய்க்காரன் கால் வைத்திராத இடம். தப்பிப்போக வழியில்லை." என் வார்த்தைகள், என் வரிசையிலேயே. அது மட்டுமானால் பொறுத்துக்கொள்வேன். அந்த நகல் என் கையெழுத்து. அக்டோபரிலேயே நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊர் பெயருக்கு மட்டும் இடம் விடச் சொன்னார்கள், விட்டேன். துரை பிறகு தம் கையால் நிரப்பியிருக்கிறார். நகல் எழுதுகிறவன் எழுத்தைப் பார்ப்பான், படிக்கமாட்டான். உனக்குத் தெரியும், கோர்ட்டில் தூக்குத் தண்டனைத் தீர்ப்புகளைக்கூட நான் அப்படித்தான் எழுதினேன், பிறகு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது. இதை யாருக்கும் சொல்லாதே: ஒரு நாளைக்கு இரண்டு தடவை அது ஏறி இறங்குகிறது. ஆற்றில் தண்ணீர் ஏறும் நேரமும் அதே நேரம்தான். ஜன்னலைத் திறந்து பார்க்கவே வேண்டாம், படுத்தபடியே எனக்கு ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிகிறது. காதைத் தலையணையில் வைத்தால் உள்ளே ஓடும் சத்தம் கேட்கிறது.

உன் காலும் வீங்குகிறது என்று எழுதினாயே, அதைப் படித்ததிலிருந்து நான் மனிதனாக இல்லை. ஒன்று செய். அந்த வீட்டை விட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. என் சட்டியை உடைத்துப்போடு. அப்போது நீ என் சட்டியில் தின்பவள் ஆகமாட்டாய், தப்பித்துக்கொள்வாய். நான் வரமாட்டேன். எந்த முகத்தோடு வருவேன்? இங்கேயே கிடந்து முடிந்துபோகிறேன்.

ஏசுரத்தினம்


சித்தூர்,
1876 பிப்ரவரி 24

முட்டாள் மனுஷருக்கு,

சட்டியை உடைக்கமாட்டேன். கல்யாணத்துக்குப் புத்தூர்ச் சந்தையில் நீங்களே தட்டிப் பார்த்து வாங்கின சட்டி. இன்று காலையும் அதில்தான் களி கிண்டினேன். இந்தப் பேச்சை இதோடு விடுங்கள்.

அண்ணன் நேசகுமாரின் வேலை உங்களுக்குத் தெரியும். வாதியும் பிரதிவாதியும் ஒத்துக்கொண்டால் கோர்ட் அவர்களைத் திருப்பதி அடிவாரத்து அலிபிரிக்கு அனுப்பும். மலையேறும் முதல் படியில் கற்பூரம் ஏற்றி, சத்தியம் சொல்லி, கையால் அணைக்கவேண்டும். அமீனாவாகப் போய் நின்று அதை எழுதிக்கொண்டு வருவது அண்ணன். போன வாரம் அவரோடு நானும் வண்டியேறித் திருப்பதிக்குப் போனேன். நம் சபையார் நாக்கு மூன்று நாள் ஓயவில்லை. டீச்சரம்மா கோவிந்தா போட்டுவிட்டாள் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

நிலத் தகராறு. பிரதிவாதி கற்பூரத்தை அணைத்தான். அணைத்த கையை அவன் வேட்டியில் துடைத்துக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பும்போது அண்ணனைக் கேட்டேன், சத்தியம் பண்ணினவன் அதிலிருந்து மீள வழி உண்டா என்று.

"இருபது வருசமா இத்த எழுதிக்கினு வரேன். நான் ஒண்ணும் நம்பறவன் இல்ல. ஆனா பண்ணவன் கையில ஒண்ணும் இல்லம்மா, அது கேட்டவன் கையில கீது. இல்லாங்காட்டி சொன்னத்த சொன்ன மாரி செஞ்சி முடிக்கணும். மூணாவது வழி நான் பாக்கல" என்றார். பிறகு, "உன் காலைப் பாத்தேன். எங்க வூட்டுக்கு வந்துடு" என்றார். அவரும் சட்டியை உடைக்கத்தான் சொன்னார். ஆண்களுக்கு உடைக்கத்தான் தெரிகிறது.

ஊர் திரும்பினதும் நேரே மணலுக்குப் போனேன். செங்கல்வராயன் பார்க்காதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். கிழவருக்கு எதிரே உட்கார்ந்து, நான் அந்த வாயின் பெண்சாதி, அவரை விடுவித்துவிடுங்கள் என்றேன். சமையற்காரர் அதை மலாயில் சொன்னார். கிழவர் என் காலைப் பார்த்தார். சாந்தமாகத்தான் பேசினார்.

"உன் புருஷன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் வாய்தான். வாயைக் கோபித்து என்ன செய்ய? ஆனால் வாய் யாருடையது என்று இரும்புக்குத் தெரியாது. நான் விட்டாலும் அது விடாது. ஆறு பக்கத்தில் இல்லாமல் நான் இங்கே செத்தால், சொன்ன சொல் பொய்யாகிவிடும். அன்றைக்கு அவன் இருக்கமாட்டான், நீயும் இருக்கமாட்டாய். நானும் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அம்மா. சாப்பாடு இறங்கவில்லை."

அப்படிச் சொல்லிவிட்டு என்னிடம், "தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும்?" என்று கேட்டார். இத்தனை நாள் மணலில் உட்கார்ந்த மனிதர் இன்னும் அதைத்தான் கேட்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அவரை ஆற்றுக்குக் கொண்டுபோக நம்மால் முடியாது. ஆற்றை அவரிடம் கொண்டுவர முடியும். அந்தப் படித்துறையில் ஒரு ஜாடி நிறையத் தண்ணீர் முகந்து, அரக்கு வைத்து மூடி, வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு, கிடைத்த கப்பலில் ஏறுங்கள். அவர் பக்கத்தில் அதை வைத்துவிட்டால் போதும். அவர் உயிர் இருக்கும்போதே வந்து சேரவேண்டும். எந்த முகத்தோடு என்று கேட்டீர்களே, எந்த முகமாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

லோயிஸ்


கோலா தெராங்,
1876 மார்ச் 18

லோயிஸ்,

நீ சொன்னபடியே செய்தேன். நேற்று ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். துரை காரணம் கேட்டார். என் காலைக் காட்டினேன்.

படித்துறைக்கு என்னை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். நானே குனிந்து முகந்தேன். கழுத்து வரை நிரப்பி, அரக்கு உருக்கி, என் மோதிர முத்திரையை வைத்தேன். இனி அந்த முத்திரையை யார் உடைத்தாலும் தெரிந்துவிடும்.

வீக்கம் மார்புக்கு வந்துவிட்டது. படுக்க முடியாது, உட்கார்ந்தபடிதான் தூக்கம். இந்தக் கடிதம் முந்தின கப்பலில் வரும். நான் ஏப்ரல் முதல் வாரத்துக் கப்பலில் பினாங்கிலிருந்து கிளம்புகிறேன். பட்டணத்தில் ராயபுரத்தில் நம் கிருபானந்தம் வீட்டில் இறங்குவேன், அங்கே எழுது. கிழவரிடம் சொல். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.

நீயும் பொறுத்துக்கொள்.

ஏசுரத்தினம்


சித்தூர்,
1876 ஏப்ரல் 10

கிருபானந்தம் வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். இதைப் படிக்க நீங்கள் இருக்கிறீர்களா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் போன வியாழக்கிழமை கிழவருக்குச் சொன்னேன். அவர் படுக்கையில் இருந்தார். "எத்தனை நாள்?" என்றார். பத்து நாள் என்றேன். கைவிரல்களை எண்ணிப் பார்த்தார், பாதியில் கை ஓய்ந்துபோயிற்று. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் வருவதற்குள் முடிந்துவிடும் என்று. சனிக்கிழமை என் இடுப்பு வரை வீங்கிவிட்டது. அண்ணன் வந்து வாசலில் உட்கார்ந்து அழுதார்.

நேற்றுக் குருத்தோலை ஞாயிறு. நடக்க முடியாவிட்டாலும் கோவிலுக்குப் போகவேண்டும் என்று அண்ணன் வண்டியில் ஏறிப் போனேன். ஓலை பிடித்துக்கொண்டு எல்லாரும் ஆற்றோரப் பாதையில் பாடிக்கொண்டு வந்தோம், நான் வண்டியில். வெயில் அப்போதே சுட்டது, மேகம் ஒரு துண்டுகூட இல்லை. போன வருஷத்திலிருந்து மழை இல்லாத ஊர். முன்னால் போன பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். பிறகு பின்னால் வந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மலைப்பக்கமிருந்து அல்ல. கீழேயிருந்து. நீவா போய்ச் சேரும் பொன்னையாற்றுப் பக்கமிருந்து மேட்டை நோக்கி, சத்தமே இல்லாமல், ஏறி ஏறி வந்தது. பழுப்புத் தண்ணீர். உப்புச் சேற்று நாற்றம். பாதிரியார் பாலையா ஓலையோடு பாதையிலேயே மண்டியிட்டார்.

பங்களாவில் கிழவரைச் சமையற்காரரும் செங்கல்வராயனும் தோளில் தாங்கி மணலுக்குக் கொண்டுவந்தார்கள். அவரே கேட்டாராம். உட்காரவைத்ததும் தண்ணீர் அவர் காலைத் தொட்டது, முழங்காலுக்கு ஏறியது, அங்கே நின்றது. அவர் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. தண்ணீரை மட்டும் பார்த்தார். இரண்டு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார். பிறகு சமையற்காரர் தோளில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிற்று. மத்தியானத்துக்குள் மணல் மணலாகவே இருந்தது. இன்று கலெக்டர் கச்சேரியிலிருந்து வந்து, எங்கோ ஏரி உடைந்திருக்கும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். எந்த ஏரியில் தண்ணீர் இருந்தது என்று கேட்டேன், நோட்டை மூடிவிட்டார்கள். மணலில் கிடந்த ஒரு காயை எடுத்து வைத்திருக்கிறேன். முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கிறது. முருங்கைக்காய் இல்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். காலைப் பார்த்தேன், வீக்கம் இல்லை. என் கால் சரியானதற்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை எனக்கு. நடுக்கடலில் நேற்றுக் காலை உங்களுக்கு என்ன ஆயிற்று? உயிரோடு இருந்தால் ஒரே ஒரு வரி எழுதுங்கள், மாமா.

லோயிஸ்


ராயபுரம், சென்னபட்டணம்,
1876 ஏப்ரல் 13

லோயிஸ்,

உயிரோடு இருக்கிறேன். நேற்றுக் கரையிறங்கினேன், சொந்தக் காலில். கிருபானந்தம் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பல் தளத்தில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு விடுவதே பாடாக இருந்தது. திடீரென்று உள்ளே ஓடும் சத்தம் நின்றது. பிறகு உச்சந்தலையிலிருந்து ஏதோ இறங்கிப்போவது போல் இருந்தது, என் உடம்பின் வழியாக யாரோ நடந்து வெளியே போனது போல. வலி இல்லை. மத்தியானத்துக்குள் என் சட்டை என்மேல் தொங்கியது. கப்பல் டாக்டர் பெரிபெரி சில பேருக்கு இப்படி வடிவதுண்டு என்றார். அவர் முகம் வேறு சொன்னது.

ஜாடியைப் பிறகுதான் நினைத்தேன். பெட்டியைத் திறந்து எடுத்தேன். முத்திரை உடையவில்லை. அரக்கில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஜாடி கனக்கவில்லை. நானே உடைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை, லோயிஸ். தொட்டால் அடுப்பிலிருந்து எடுத்தது மாதிரி உலர்ந்திருந்தது.

ஆக, சர்க்கார் கொடுத்த சொல் காப்பாற்றப்பட்டுவிட்டது. சர்க்காருக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம். சொன்ன சொல்லை ஆறே வந்து காப்பாற்றிவிட்டுப் போயிற்று. அந்த மனிதர் எனக்காக விரல் எண்ணினார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இப்போதும் கையில் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அழுகை வந்தது. தோள் குலுங்கியது, கிருபானந்தம் ஓடிவந்து பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வரவில்லை. இரவெல்லாம் முயன்றேன். வரவில்லை. எல்லாத் தண்ணீரையும் அது எடுத்துக்கொண்டு போய்விட்டது. என்னை நம்பி முத்திரை வைத்த மனிதருக்காக அழ என்னிடம் ஒரு சொட்டுக்கூட விட்டுவைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ரயிலில் காட்பாடிக்கு வருகிறேன்.

ஏசுரத்தினம்


சித்தூர்,
1876 ஏப்ரல் 15

மாமா,

காட்பாடிக்கு அண்ணன் வண்டி கொண்டு வருவார். வெயிலில் நிற்காதீர்கள், ஸ்டேஷன் ஆலமரத்தடியில் இருங்கள். சட்டி அப்படியே இருக்கிறது. தண்ணீர் நன்றாக இருக்கிறது.

அவரை மணலோரத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். பெயர் எழுதக்கூடாது என்று உத்தரவு. ஒரு கல் மட்டும் நட்டிருக்கிறார்கள். தண்ணீர் வந்து நின்ற எல்லை வரைக்கும் மணல் இன்னும் ஈரமாக இருக்கிறது. இத்தனை வெயிலுக்கும் காயவில்லை, ஊர் முழுக்க வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது.

நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்தேன். உங்கள் பங்கையும் சேர்த்து அழுதுவிட்டேன். வந்து சேருங்கள். இனிமேல் யார் சொன்னாலும், யாருக்காகவும், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள்.

லோயிஸ்